அமிலத்துக்கும் காரத்துக்கும் ஒரே குழாய் போதுமா? பிளான்ஜ் தரத்தை எப்படித் தெரிவுசெய்வது?

அச்சுவேலி_கலவைக்கூடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையில் நானும் மைத்துனரும் சேர்ந்து சிறியதொரு இரசாயனக் கலவைக்கூடம் அமைத்து வருகிறோம். கட்டடம் எழும்பிவிட்டது, தாங்கிகளும் வந்துவிட்டன. குழாய் வேலையில் தடைப்பட்டு நிற்கிறோம்.

கையாளப்போகும் திரவங்கள் நான்கு. முதலாவது 98 சதவீதச் செறிந்த சல்பூரிக் அமிலம். இதை ஐதாக்கி மின்கல அமிலமாக விற்க எண்ணியுள்ளோம். மற்றவை 33 சதவீத ஐதரோகுளோரிக் அமிலம், 50 சதவீத கோஸ்ரிக் சோடா, கிணறுகளுக்கும் குடிநீர்த் திட்டங்களுக்கும் வேண்டிய 12 சதவீத சோடியம் ஐப்போகுளோரைற்று. ஒவ்வொன்றுக்கும் 5,000 லீற்றர் தாங்கி ஒன்று உண்டு. தாங்கிகளிலிருந்து நிரப்பும் அறைவரை ஏறத்தாழ 40 மீற்றர் தூரம். அந்தத் தூரம் முழுவதும் திறந்த வெளியில், இரும்புச் சட்டத்தின்மேல் குழாய்கள் போகும். 2 அங்குலக் குழாய், மணிக்கு 5 கனமீற்றர் பாய்ச்சல், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் பம்பி. பம்பியின் தகட்டில் உச்ச உயரம் 36 மீற்றர் என்றிருப்பதால், அமுக்கம் 3.5 பாருக்கு மேற்போகாது என்று கணக்கிட்டிருக்கிறோம்.

கொழும்பிலுள்ள விற்பனையாளர் எல்லாவற்றுக்கும் 316எல் கறையில்லா உருக்கைப் போடச் சொல்கிறார். விலைமதிப்பீட்டைப் பார்த்து இருவரும் வாயடைத்துப் போனோம். மைத்துனரோ ஸ்ரான்லி வீதிக் கடைகளில் கிடைக்கும் பி.வி.சி. குழாயே எல்லாவற்றுக்கும் போதும் என்கிறார். இரண்டில் எது சரி? பிளான்ஜுக்கு, அதாவது குழாய்களைப் போல்ற் பூட்டி இணைக்கும் தட்டுக்கு, கிளாஸ் 150 தரம் போதுமா, அல்லது பாதுகாப்புக் கருதி 300க்குப் போக வேண்டுமா? இங்கே கைக்குக் கிடைக்கும் பிளான்ஜுகளில் சில ஐரோப்பிய நியமமான பி.என். 16, சில பழைய பிரித்தானிய அட்டவணை ஈ. இவற்றைக் கிளாஸ் 150 வால்வுகளோடு பொருத்தலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் பெரும் உதவியாக இருக்கும்.

குழாய்வழி_உரும்பிராய் எழுதியது:

வணக்கம் தம்பி. வளைகுடா நாடுகளின் ஆலைகளில் 26 ஆண்டுகள் குழாய் வடிவமைப்பு வேலையில் இருந்துவிட்டு ஓய்வுபெற்று ஊரில் இருக்கிறேன். குழாயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் உங்கள் 3.5 பார் கணக்கைத் திருத்த வேண்டும், ஏனென்றால் மற்றெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

பம்பித் தகட்டிலுள்ள 36 மீற்றர் என்பது திரவ நிரலின் உயரம். எந்தத் திரவத்தைக் கொடுத்தாலும் பம்பி அதே உயரத்துக்குத்தான் தள்ளும். திரவம் பாரமானதாக இருந்தால் அந்த உயரத்துக்குரிய அமுக்கம் கூடிவிடும். தண்ணீருக்கு அது 3.5 பார். 98 சதவீத சல்பூரிக் அமிலம் தண்ணீரைவிட 1.84 மடங்கு அடர்த்தியானது. ஆகவே முனையிலுள்ள வால்வு மூடியிருக்கப் பம்பி ஓடினால் அந்தக் குழாயில் 6.5 பார் நிற்கும். 50 சதவீத கோஸ்ரிக் சோடாவின் அடர்த்தி 1.53, அதற்கு 5.4 பார். ஐதரோகுளோரிக் அமிலத்துக்கு 4.1, ஐப்போகுளோரைற்றுக்கு 4.2, மின்கல அமிலத்துக்கு 4.5 பார் அளவில் வரும். மோட்டருக்கு வேண்டிய வலுவும் இதே விகிதத்தில் கூடும். தண்ணீருக்கென்று தெரிவுசெய்த மோட்டரை அமிலத்துக்குப் பூட்டினால் அது சுமை தாங்காமல் சூடேறி எரிந்துபோகும். பம்பிகளை இன்னும் வாங்கவில்லையென்றால் இதை முதலில் சரிசெய்யுங்கள்.

இனிப் பொருளைப் பற்றி. விற்பனையாளர் சொன்னதும் சரியில்லை, மைத்துனர் சொன்னதும் சரியில்லை. 316எல் விலை கூடியது என்பதால் எல்லாவற்றையும் தாங்கும் என்று நம்மவர்களிடையே ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஐதரோகுளோரிக் அமிலத்தை அது தாங்கவே தாங்காது. 33 சதவீத அமிலத்தில் அதன் ஆயுளை வாரக் கணக்கில்தான் எண்ண வேண்டியிருக்கும். ஐப்போகுளோரைற்றில் அது ஊசிக்குத்துப் போலத் துளை துளையாக அரிபடும். கோஸ்ரிக் சோடாவைத் தாங்கும், ஆனால் அந்த வேலைக்குச் சாதாரணக் கார்பன் உருக்கே போதும்.

சல்பூரிக் அமிலம்தான் புதியவர்களை அதிகம் குழப்புவது. செறிந்த அமிலம் கார்பன் உருக்கின் உட்சுவரில் இரும்புச் சல்பேற்றுப் படலம் ஒன்றை உண்டாக்கும்; அந்தப் படலமே பிறகு உருக்கைக் காக்கும். அது மெல்லியது, வேகமாக ஓடும் திரவம் அதை வழித்துக்கொண்டு போய்விடும் என்பதால் பாய்ச்சல் வேகத்தை வினாடிக்கு 1 மீற்றருக்குள் வைத்திருப்பார்கள். உங்கள் மணிக்கு 5 கனமீற்றர், 2 அங்குல ஸ்கெடியூல் 80 (சுவர்த் தடிப்பின் தர எண்) குழாயில் வினாடிக்கு 0.73 மீற்றர்தான். ஸ்கெடியூல் 80 குழாயின் சுவர் 5.5 மில்லிமீற்றர் என்பதால் அரிப்புக்கென்று 3 மில்லிமீற்றரை ஒதுக்கிவிட்டாலும் அமுக்கத்துக்கு வேண்டியது மிஞ்சும். முழங்கைகளை நீண்ட ஆரையுள்ளவையாகப் போடுங்கள். ஆனால் இதே அமிலம் 37 சதவீத மின்கல அமிலமாக ஐதாகிய கணத்தில் கார்பன் உருக்கையும் தின்னும், 316எல்லையும் தின்னும். எனவே ஐதாக்கும் தாங்கிக்கு முன்னால் உருக்கு, பின்னால் பிளாஸ்ரிக் அல்லது ரெப்லோன் உட்பூச்சுள்ள உருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதே காரணத்தால் செறிந்த அமிலக் குழாயை ஒருபோதும் தண்ணீர் விட்டுக் கழுவி அப்படியே விடாதீர்கள். உள்ளே தங்கும் ஈரம் அமிலத்தை ஐதாக்கி, அந்த இடத்திலேயே குழாயை அரித்துவிடும்.

கோஸ்ரிக் சோடாவுக்குக் கார்பன் உருக்கு நல்லது, ஆனால் வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். 50 சதவீதக் கரைசல் ஏறத்தாழ 45 முதல் 50 பாகைக்கு மேற்போனால், வெல்டிங் இடங்களில் உள்ளிருக்கும் இழுவிசையால் உருக்கு வெடிப்பு விடத் தொடங்கும். தண்ணீரோடு கலக்கும் இடத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும் என்பதையும் மறக்காதீர்கள். துத்தநாகம் பூசிய கல்வனைஸ் குழாய், பித்தளை வால்வு, அலுமினியம் எதுவும் அதற்குக் கிட்ட வரக்கூடாது. துத்தநாகத்தோடும் அலுமினியத்தோடும் கோஸ்ரிக் சோடா தாக்கம்புரிந்து ஐதரசனை வெளிவிடும்.

ஐதரோகுளோரிக் அமிலத்துக்கும் ஐப்போகுளோரைற்றுக்கும் மைத்துனர் சொன்ன பி.வி.சி. பொருத்தமானதுதான். ஆனால் கடையிலுள்ள மெல்லிய நீர்க்குழாய் அல்ல; ஸ்கெடியூல் 80 தடிப்புள்ளது வேண்டும்.

அடுத்தது பிளான்ஜ். உருக்குப் பிளான்ஜில் கிளாஸ் 150 என்றால் 150 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) மட்டுமே தாங்கும் என்று எண்ணித்தான் பலர் 300க்கு ஓடுகிறார்கள். அமெரிக்கப் பொறியியலாளர் சங்கத்தின் ஏ.எஸ்.எம்.இ. பி16.5 நியமப்படி, கார்பன் உருக்குக் கிளாஸ் 150 பிளான்ஜ் 38 பாகையில் 19.6 பாரையும், 50 பாகையில் 19.2 பாரையும், 200 பாகையில் 13.8 பாரையும் தாங்கும். 316எல் அதைவிடக் குறைவு: 38 பாகையில் 15.9, 100 பாகையில் 13.3. உங்கள் 6.5 பாருக்குக் கிளாஸ் 150 தாராளம். அமுக்கம் குறைவாக இருந்தும் கிளாஸ் 300 போடும் இடங்கள் உண்டு. உலர்ந்த திரவக் குளோரின் குழாய் அவற்றுள் ஒன்று, ஏனென்றால் அங்கே ஒரு சிறு கசிவின் விலை மனித உயிர். ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தனில் குளோரினும் கோஸ்ரிக் சோடாவும் உற்பத்தியான காலத்தில் இந்த அறிவு வேலைத்தளத்திலேயே கைமாறி வந்தது. இன்று ஒவ்வொருவரும் புதிதாகத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு வருத்தமே.

வெளியில் போகும் குழாயில் நண்பகலில் என்ன வெப்பநிலை இருக்கும் என்று அளந்து சொல்ல முடியுமா? பிளாஸ்ரிக் பகுதியைப் பற்றிய முடிவு அதில்தான் தங்கியிருக்கிறது.

பிற்றர்_கோண்டாவில் எழுதியது:

ஐயா பொருளைப் பற்றி எழுதிவிட்டார். பொருத்தும் வேலையைப் பற்றி நான் சொல்கிறேன். 2 அங்குல அளவில் மூன்று வகைப் பிளான்ஜுக்கும் நான்கு துளைகள்தான், கண்ணால் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் துளைகளின் மையங்கள் வழியே போகும் துளை வட்டத்தின் விட்டம் கிளாஸ் 150க்கு 120.7 மில்லிமீற்றர், பி.என். 16க்கு 125, பழைய அட்டவணை ஈக்கு 114.3. கிளாஸ் 150க்கும் பி.என். 16க்கும் வித்தியாசம் 4.3 மில்லிமீற்றர் மட்டுமே. ஒரு பக்கம் இரண்டு மில்லிமீற்றர்தானே என்று வட்ட அரத்தை எடுத்துத் துளையை நீட்டி போல்ற்றை நுழைத்துவிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமாக நடக்கிறது. 3 அங்குலத்துக்குப் போனால் பி.என். 16க்கு எட்டுத் துளை, கிளாஸ் 150க்கு நான்கு என்பதால் அங்கே யாரும் முயல்வதில்லை. ஆபத்து 2 அங்குலத்தில்தான்.

நான் வேலை செய்த ஓரிடத்தில், எனக்கு முன் இருந்தவர்கள் அப்படி அரம் போட்டுப் பொருத்திய கோஸ்ரிக் சோடாக் குழாய் ஒன்று இருந்தது. போல்ற்றின் சுரை (நட்) பாதி உலோகத்திலும் பாதி வெற்றுத் துளையிலும் அமர்ந்திருந்தது, இறுக்கும்போது போல்ற் சரிந்து நின்றது. கசிவைத் தடுக்க இடையில் வைத்த காஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தளர்வாக இருந்தது. மூன்றாம் மாதம் அந்தத் தளர்ந்த பக்கத்தால் பீறிட்டு, உதவியாளராக நின்ற பெடியனின் முன்கை முழங்கைவரை வெந்துபோயிற்று. அவன் கையிலுள்ள தழும்பை இப்போதும் காண்கிறேன். வளாகம் முழுவதும் ஒரே நியமத்தைத் தெரிவுசெய்து, மற்றதை வாசலுக்குள்ளேயே விடாதீர்கள். அமிலமும் காரமும் போகும் ஒவ்வொரு பிளான்ஜுக்கும் தெறிப்புக் காப்புறை கட்டுங்கள்.

இன்னொன்று. உருக்குப் பிளான்ஜின் நடுப்பகுதி சற்று உயர்ந்திருக்கும், பி.வி.சி. பிளான்ஜின் முகம் தட்டையாக இருக்கும். இரண்டையும் நேரே பூட்டி இறுக்கினால் பி.வி.சி. வளைந்து, சாவி இன்னும் கால் சுற்றுச் சுற்றுவதற்குள் "டக்" என்ற சத்தத்தோடு கழுத்தில் வெடிக்கும். வெடிப்பு மயிரிழைபோல இருப்பதால் அன்று தெரியாமல் பிறகு ஒருநாள் தெரியவரும். பம்பி வாய் உருக்காக இருந்தால் அதன் முகத்தைக் கடைந்து தட்டையாக்க வேண்டும், அல்லது உயர்ந்த பகுதிக்கு வெளியே நிரப்பு வளையம் வைக்க வேண்டும். முழுமுகக் காஸ்கெட், முறுக்கம் அளக்கும் சாவி, எதிரெதிராக மாறி மாறி இறுக்குதல் மூன்றும் கட்டாயம். ஒவ்வொரு போல்ற்றுக்கும் அகன்ற வளையம் போடுங்கள்.

இரசாயனவியல்_கிளிநொச்சி எழுதியது:

ஐப்போகுளோரைற்றைப் பற்றிச் சில விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். இது தாங்கியிலும் குழாயிலும் இருக்கும்போதே மெதுவாகச் சிதைந்து ஒட்சிசனை வெளிவிடும். வெப்பம் கூடக்கூடச் சிதைவும் விரைவாகும், நிக்கல், செம்பு, இரும்பு போன்றவற்றின் சிறு அளவுகூட அதைத் தூண்டும். சாதாரணப் பந்து வால்வை மூடினால் பந்தின் நடுத்துளையில் அகப்பட்ட திரவம் வாயுவை விட்டு விட்டு அமுக்கத்தை ஏற்றி, கடைசியில் வால்வையே பிளந்துவிடும். தாங்கிப் பக்கம் நோக்கிப் பந்தில் சிறு துளையிட்ட வால்வுகள் இதற்கென்றே விற்கப்படுகின்றன. அவற்றையே கேட்டு வாங்குங்கள். இரண்டு மூடும் வால்வுகளுக்கிடையில் திரவம் அடைபட்டு நிற்கும் நிலையையும் தவிருங்கள்.

பி.வி.சி. ஒட்டும் பசையும் முக்கியமானது. பெரும்பாலான பசைகளைத் தடிப்பாக்கச் சிலிக்காத் தூள் சேர்க்கிறார்கள். ஐப்போகுளோரைற்றில் இருக்கும் காரம் காலப்போக்கில் அந்தச் சிலிக்காவைக் கரைத்து, மூட்டில் நுண்ணிய வழிகளை உண்டாக்கும். சிலிக்கா சேராத பசை தனியாகக் கிடைக்கிறது.

காஸ்கெட்டும் அப்படியே. கோஸ்ரிக் சோடாவுக்கு ஈ.பி.டி.எம். இறப்பர் மிக நல்லது, ஆனால் செறிந்த சல்பூரிக் அமிலம் அதைக் கெடுத்துவிடும். வைற்றன் இறப்பர் அமிலங்களுக்கும் ஐப்போகுளோரைற்றுக்கும் ஏற்றது, ஆனால் கோஸ்ரிக் சோடாவில் கெட்டுப்போகும். ரெப்லோன் காஸ்கெட்டிலும் சிலிக்கா நிரப்பியது அமிலத்துக்கு, பேரியம் சல்பேற்று நிரப்பியது காரத்துக்கு. இரண்டு இறப்பரும் கறுப்பு நிறம், கையில் எடுத்தால் வேறுபாடு தெரியாது; களஞ்சியத்தில் வெவ்வேறு பெட்டிகளில் பூட்டி வையுங்கள்.

எல்லாவற்றையும்விட, அமிலக் குழாயும் ஐப்போகுளோரைற்றுக் குழாயும் எந்த இடத்திலும் கலக்க வழியிருக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. பவுசரிலிருந்து இறக்கும் வாய்களை வெவ்வேறு அளவில், வெவ்வேறு வகை இணைப்பில் அமைத்தால் இரவில் வரும் சாரதியாலும் தவறுதலாகப் பூட்ட முடியாது. கழிவு வாய்க்கால்களும் தனித்தனியாக இருக்கட்டும்.

அச்சுவேலி_கலவைக்கூடம் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பம்பிகளுக்கு முற்பணம் மட்டுமே கொடுத்திருக்கிறோம். அமிலப் பம்பியின் மோட்டரை மாற்றித் தர இணங்கிவிட்டார்கள். வெப்பநிலையை நேற்றுப் பார்த்தேன். சாம்பல் நிற பி.வி.சி. துண்டு ஒன்றில் தண்ணீரை அடைத்து, இரு முனையையும் மூடி, சட்டத்தின்மேல் வைத்துப் பிற்பகல் 2 மணிக்கு அளந்தபோது உள்ளே 49 பாகை காட்டியது. நிழலில் வைத்த இன்னொரு துண்டில் 36 பாகை.

குழாய்வழி_உரும்பிராய் எழுதியது:

நல்ல அளவீடு தம்பி. அடைத்து வைத்துப் பார்த்தீர்கள் பாருங்கள், அதுதான் சரியான முறை. பம்பி நிற்கும்போது குழாயில் தங்கும் திரவத்தின் நிலை அதுதான்.

இப்போது உங்கள் கேள்வியின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2 அங்குல ஸ்கெடியூல் 80 பி.வி.சி. குழாய் 23 பாகையில் 400 பி.எஸ்.ஐ., அதாவது 27 பாருக்கு மேல் தாங்கும். அதே குழாயில் ஒட்டும் பி.வி.சி. பிளான்ஜ் 23 பாகையில் 150 பி.எஸ்.ஐ. மட்டுமே, 10.3 பார். உருக்குப் பிளான்ஜில் 150 என்பது ஒரு வகுப்பின் பெயர். பிளாஸ்ரிக் பிளான்ஜில் துளை வட்டம் அதே வகுப்புக்குரியது, தாங்கும் அமுக்கமோ உண்மையிலேயே 150 பி.எஸ்.ஐ. அதுவும் குளிர்ந்த தண்ணீருக்கு. வெப்பம் ஏற ஏற அது சரியும்: 38 பாகையில் 0.62 மடங்கு, 49 பாகையில் 0.40 மடங்கு. உங்கள் வெயிலில் 10.3 பார் 4.1 பாராகிவிடுகிறது. ஐதரோகுளோரிக் அமிலப் பம்பி மூடிய வால்வுக்கு எதிரே தருவதும் 4.1 பார், ஐப்போகுளோரைற்றுக்கு 4.2, மின்கல அமிலத்துக்கு 4.5. ஆக, திறந்த வெளியில் சாதாரண பி.வி.சி. பிளான்ஜ் மூன்றுக்கும் போதாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் குளோரினேற்றிய பி.வி.சி.யான சி.பி.வி.சி.க்கு மாறினால் 49 பாகையில் 0.65 மடங்கு கிடைக்கும், 6.7 பார், விலை கூடும், ஆனால் உருக்கின் விலைக்குக் கிட்டவும் வராது. அல்லது சட்டத்தின்மேல் தகரக் கூரை ஒன்றைப் போட்டுக் குழாயை 38 பாகைக்குள் வைத்தால் பி.வி.சி.யிலேயே 6.4 பார் கிடைக்கும். என்னைக் கேட்டால் கூரையைப் போட்டு, சி.பி.வி.சி.யையும் போடச் சொல்வேன். கூரை ஐப்போகுளோரைற்றின் சிதைவையும் குறைக்கும், சூரிய ஒளியால் பிளாஸ்ரிக் நொறுங்குவதையும் தடுக்கும், கோஸ்ரிக் சோடாக் குழாயை 45 பாகைக்குக் கீழே வைத்திருக்கவும் உதவும். சூடேறினால் பிளாஸ்ரிக் குழாய் நீளும், ஆகவே 40 மீற்றரில் ஓரிரு வளைவுத் தடங்களை விட்டு, தாங்கிகளை உருக்குக் குழாய்க்குப் போடுவதைவிட நெருக்கமாக வையுங்கள். நான் இங்கே தாங்கி என்று சொல்வது குழாயைப் பிடிக்கும் கொளுவிகளை.

பிற்றர்_கோண்டாவில் எழுதியது:

பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. வடிவமைப்பு அமுக்கத்தின் ஒன்றரை மடங்கில் தண்ணீரால் சோதியுங்கள். உருக்குக் குழாயை 7 பாருக்கு வடிவமைத்தால் 10.5 பார், பிளாஸ்ரிக் பகுதியை 4.5க்கு வடிவமைத்தால் 6.75 பார். பிளாஸ்ரிக்கை வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலையில் சோதித்து முடித்துவிடுங்கள். காற்றால் ஒருபோதும் சோதிக்க வேண்டாம். வெடித்தால் துண்டுகள் கத்திபோலப் பறக்கும்.

எங்காவது கறையில்லா உருக்குத் துண்டு ஒன்றைப் போட்டால், அதைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பாதீர்கள். எங்கள் சுண்ணக்கல் மண்ணின் கிணறுகள் பலவற்றில் உவர்த்தன்மை உண்டு. அந்த உருக்கைச் சோதிக்கும் தண்ணீரில் குளோரைட்டு மில்லியனில் 50 பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கட்டுப்பாடு. நான் கண்ட ஒரு வேலையில், உவர் கிணற்றுத் தண்ணீரால் சோதித்துவிட்டு, பொங்கல் லீவு வந்ததால் வடிக்காமல் மூன்று வாரம் விட்டிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தபோது வெல்டிங் ஓரங்களில் வியர்வைபோல நீர் முத்து முத்தாக நின்றது.

அச்சுவேலி_கலவைக்கூடம் எழுதியது:

கூரைக்குத் தகரம் அளந்தாயிற்று. செறிந்த சல்பூரிக் அமிலத்துக்கும் கோஸ்ரிக் சோடாவுக்கும் ஸ்கெடியூல் 80 கார்பன் உருக்கு, மற்ற மூன்று குழாய்களுக்கும் சி.பி.வி.சி., எல்லா இடத்திலும் கிளாஸ் 150 துளை வட்டம் என்று முடிவெடுத்திருக்கிறோம். முன்னரே வாங்கியிருந்த ஆறு பி.என். 16 பிளான்ஜுகளை இன்று காலை கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஐதாக்கும் தாங்கியின் குளிரூட்டல் பற்றித் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. வரைபடம் தயாரானதும் இங்கேயே இடுகிறேன்.